யெல்லோஸ்டோன் தீயும் மக்கள் கருத்தும்
காட்டுத்தீ என்றாலே கேடு என்ற எண்ணத்தை அமெரிக்கர் மனதில் ஆழப் பதித்தது, 1944-ல் பிறந்த ஸ்மோக்கி என்னும் விளம்பரக் கரடி. ஆனால் யெல்லோஸ்டோன் பூங்காவில் மிகுந்துள்ள லாட்ஜ்போல் பைன் மரத்தின் கூம்புகள் பலவும் பிசினால் மூடிக் கிடப்பவை; தீயின் சூட்டில்தான் திறந்து விதை உதிர்க்கும். 1972 முதல் மின்னலால் மூளும் தீயைச் சில பகுதிகளில் நிர்வாகம் எரியவிட்டது. 1988-ல் கடும் வறட்சி. பூங்காவின் 36 விழுக்காட்டைத் தீ தொட்டது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கொதித்தார்கள். பெருந்தீக்களில் சில மனிதர் மூட்டியவை, தொடக்கம் முதலே அணைக்க முயன்றவை என்பது பலர் காதில் ஏறவில்லை. (சுமார் 12 கோடி டாலர் செலவிட்டும் அடங்காத தீயைத் தணித்தது செப்டம்பர் பனிதான்.) 1992-ல், கடுமையான விதிகளுடன், எரியவிடும் கொள்கை திரும்பி வந்தது. அதற்குள் கரிந்த நிலத்தில் பைன் கன்றுகள், யாரும் நடாமலே, அடர்ந்து முளைத்திருந்தன.