வாழை முடிக்கொத்து நச்சுயிரியும் மூலக்கூற்றுப் பரிணாமக் கோட்பாடுகளும்

வாழை முடிக்கொத்து நோய் என்பது இலைகள் சிறுத்து, மரத்தின் உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும் நச்சுயிரி நோயாகும். இளமையில் தாக்கப்பட்ட வாழை பெரும்பாலும் தார் போடுவதில்லை. சின்னமனூர், உத்தமபாளையம் உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் வாழை முக்கியப் பயிர் என்பதால் இந்நச்சுயிரி எவ்வாறு மாறுகிறது என்பது உழவரின் பிழைப்போடு தொடர்புடையது. அண்டையிலுள்ள கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி மலைவாழைச் சாகுபடி சுருங்க இந்நோய் ஒரு முக்கியக் காரணம்.

வரலாறு

இந்நோய் 1889-இல் பிசித் தீவுகளில் பதிவானது. 1913-இல் இலங்கையிலும், 1940 அளவில் கேரளத்திலும் அறியப்பட்டது. இதனை வாழை அசுவினி பரப்புகிறது என்பதை 1920-களில் ஆத்திரேலியாவில் சி. ஜே. மேகி நிறுவினார். தொலைதூரப் பரவலுக்கு நோயுற்ற கன்றுகளே காரணம்.

இரு கோட்பாடுகள்

1968-இல் சப்பானிய அறிவியலாளர் மோட்டூ கிமுரா நடுநிலைக் கோட்பாட்டை முன்வைத்தார். மூலக்கூற்று அளவில் நிலைபெறும் மாற்றங்களுள் பெரும்பாலானவை உயிரிக்கு நன்மையோ தீமையோ செய்யாதவை. அவை தற்செயலாகவே நிலைபெறுகின்றன என்பது அவர் கருத்து. தீய மாற்றங்களை இயற்கைத் தேர்வு நீக்குவதை அவர் மறுக்கவில்லை. தேர்வுக் கொள்கையினரோ, நிலைபெறும் மாற்றங்களுள் பல நன்மை பயப்பதாலேயே நிலைக்கின்றன என்றனர்.

நச்சுயிரிகளில் இரண்டுக்கும் சான்று உண்டு. 1990-இல் கோஜோபோரி, மோரியாமா, கிமுரா ஆகியோர் நச்சுயிரி மரபணுக்களில் புரதத்தை மாற்றாத மாற்றங்களே விரைவாகச் சேர்வதைக் காட்டினர். இது நடுநிலைக் கோட்பாட்டுக்கு வலு சேர்த்தது. 1991-இல் வால்ட்டர் ஃபிட்ச் குழுவினர் மனித இன்புளுயன்சா ஏ நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதத்தில் நன்மை தரும் மாற்றங்கள் தேர்ந்தெடுக்கப்படுவதைச் சுட்டினர். நம் நோயெதிர்ப்பாற்றலிலிருந்து தப்பும் வடிவங்களே அங்கு பெருகுகின்றன.

வாழை நச்சுயிரியில் பொருத்தம்

முடிக்கொத்து நச்சுயிரியின் மரபணுத்தொகுதி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 முதல் 1,100 எழுத்துகள் கொண்ட ஆறு சிறு டி.என்.ஏ. வளையங்களாலானது. உலகெங்கும் கிடைத்த மாதிரிகள் இரு பெரும் குழுக்களாகப் பிரிகின்றன. இந்திய, இலங்கை மாதிரிகள் பசிபிக்-இந்தியப் பெருங்கடல் குழுவைச் சேர்ந்தவை. மற்றது தென்கிழக்காசியக் குழு. நச்சுயிரி பெருக உதவும் வளையத்தில் இவற்றிடையே வேறுபாடு ஏறத்தாழ 10 விழுக்காடு.

இவ்வேறுபாடு மட்டுமே தகவமைப்புக்குச் சான்றாகாது. சில நோயுற்ற கன்றுகளோடு புதிய நிலத்தை அடையும் நச்சுயிரி, அக்கன்றுகளில் இருந்த வடிவங்களையே அங்குப் பரப்பும். பிரிந்திருந்த காலத்தில் நடுநிலை மாற்றங்களும் தனித்தனியே சேரும். ஆயினும், பெருக்கத்திற்கு இன்றியமையாத பகுதிகள் மாறாமல் இருப்பது தேர்வின் வேலை. மாறாத அத்தகைய பகுதிகளே நோயறி சோதனைகளுக்கு ஏற்றவை.

பயிரிடப்படும் வாழை, ஒரே தாயின் கன்றுகளாகப் பெருகுவது. ஆகவே இன்புளுயன்சா சந்திப்பது போன்ற மாறும் எதிர்ப்பை இந்நச்சுயிரி சந்திப்பதில்லை. எதிர்ப்புத்திறன் கொண்ட வாழை வயலுக்கு வந்தால் நிலைமை மாறலாம். எதிர்ப்பை முறிக்கும் வடிவம் அப்போது நன்மை பெறும். அதுவரை, இன்றைய வேறுபாடுகளில் எவை தற்செயல், எவை தேர்வு என்பதை ஒவ்வொரு மரபணுவாகவே பிரித்தறிய வேண்டும். நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அழிப்பதும், அசுவினியைக் கட்டுப்படுத்துவதும், நச்சுயிரி நீக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளை நடுவதும் நச்சுயிரியின் எல்லா வடிவங்களுக்கும் பொருந்தும் தடுப்பு முறைகளாகும்.