அடி தேடியவர்களின் சங்கங்கள்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருபவர்களின் கண் உச்சியில்தான் இருக்கும். கார்த்திகை தீபத்தன்று சொல்லவே வேண்டாம். காலடியில் கிடக்கும் பாறையை யாரும் பொருட்படுத்துவதில்லை. நாங்களும் பலமுறை அப்படித்தான் நடந்திருக்கிறோம். ஆனால் அம்மலையின் தலபுராணம் உச்சியை மட்டும் பேசவில்லை. அன்னமாகப் பறந்து முடி தேடிய பிரமனோடு, பன்றியாக மண்ணைக் குடைந்து அடி தேடிய திருமாலையும் பேசுகிறது. மண்ணைக் குடைவதையே தொழிலாகக் கொண்ட சிலர், தமக்கென அமைத்துக்கொண்ட சங்கங்களைப் பற்றியது இக்கட்டுரை. எண்ணெய் தேடும் நிலவியலாளர்களும் பொறியாளர்களுமே அவர்கள்.

திருவண்ணாமலையில் எண்ணெய் இல்லை. வட தமிழகத்துக் குன்றுகள் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ், கிரானைட் எனும் கடினப் பாறைகளால் ஆனவை. அவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. எண்ணெய் உருவாவதோ, பழைய கடல்களிலும் ஏரிகளிலும் உயிர்ப்பொருளோடு சேர்ந்து படிந்த சேற்றில். ஆயினும் நம் கதை இக்கடினப் பாறையில்தான் தொடங்குகிறது. கல்கத்தாவில் அடங்கியிருக்கும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல், சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, அவ்வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டவர் தாமஸ் ஹாலண்ட். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் இயக்குநராக இருந்த அவரே, 1906இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியச் சுரங்க, நிலவியல் கழகத்தின் முதல் தலைவருமானார். அரசுத் துறையும் தொழில்முறைச் சங்கமும் ஒரே கையில் இருந்த காலம் அது.

அந்த நிலை மாற நெடுநாள் ஆயிற்று. தஞ்சை மண்ணில் 1898இல் பிறந்த மகாராஜபுரம் சீதாராம கிருஷ்ணன், நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றது 1951இல். அவர் 1943இல் எழுதிய இந்திய, பர்மிய நிலவியல் நூல் தலைமுறைகளுக்குப் பாடநூலாயிற்று. 1956இல் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் பிறந்தது. இரண்டாண்டு கழித்து, 1958இல், பெங்களூரில் இந்திய நிலவியல் சங்கம் தோன்றியது. தலைவர் டி. என். வாடியா; இதழாசிரியர் எல். ராமராவ், செயலாளர் பி. பி. ராதாகிருஷ்ணா.

ராமராவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் நின்னியூர்ப் பாறைகளில் சுண்ணப் பாசிகளின் புதைபடிவங்களை ஆராய்ந்து, ஆஸ்திரியரான யூலியுஸ் பியாவோடு சேர்ந்து 1936இல் வெளியிட்டவர் அவர். எண்ணெய்க்கும் பாசிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆழ்துளையிலிருந்து மேலே வருவது கல்துகள்தான். அத்துகளில் நுண்ணுயிர்களின் புதைபடிவம் இருந்தால் அது பாறையின் வயதைச் சொல்லும். வயது தெரிந்தால் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்பது தெரியும். உடனடிப் பயன் எதையும் எதிர்பாராமல் ஒரு பேராசிரியர் செய்த வேலையின் வழியில்தான் காவிரிப் படுகையின் அடுக்குகள் எண்ணப்பட்டன. அத்தகைய வேலைக்கு ஓர் அச்சுப்பக்கம் கிடைக்க வேண்டும் என்பதே சங்கம் என்ற அமைப்பின் முதல் நியாயம். 2012இல் மறையும்வரை ராதாகிருஷ்ணா அச்சங்கத்தையும் அதன் இதழையும் பேணியதைச் சிற்றிதழ் நடத்தியவர்கள் நன்றாக உணர்வார்கள்.

எண்ணெய்க்கே உரிய சங்கம் அமெரிக்காவில் எழுந்தது. 1917இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கூடியவர்கள், ஜே. எல்மர் தாமஸைத் தலைவராகக் கொண்டு ஒரு சங்கம் கண்டார்கள். மறு ஆண்டே அது அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கம் எனப் பெயர் மாறியது. கோல் பிடித்து எண்ணெய் சொல்பவர்கள் மலிந்திருந்த நாட்கள் அவை. நம்மூரில் வேப்பங்குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பதைப் போன்றதே. பயின்றவரை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு நோக்கம். நிறுவனங்கள் பூட்டி வைத்திருந்த கிணற்றுக் குறிப்புகளை இயன்றவரை பொதுவில் பேசச் செய்வது மற்றொன்று. பொறியாளர்கள் 1957இல் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார்கள். நம் நாட்டில் பெட்ரோலியப் புவி இயற்பியலாளர் சங்கம் 1992இல் தேராதூனில் தோன்றியது.

அமெரிக்கச் சங்கத்தின் வரலாற்றில் இரு நிகழ்வுகள் நமக்கு முக்கியமானவை. முதலாவது 1926ஆம் ஆண்டின் நியூயார்க் கருத்தரங்கு. கண்டங்கள் நகர்கின்றன என்ற ஆல்ஃபிரெட் வெகனரின் கொள்கையைப் பலரும் நகைத்த நேரத்தில், எண்ணெய் நிறுவனமொன்றில் பணியாற்றிய டச்சுக்காரர் வான் வாட்டர்ஸ்கூட் வான் டெர் கிராக்ட் அதை விவாதத்துக்கு வைத்தார். பேசியவர்களில் பலர் மறுத்தார்கள். ஆனால் 1928இல் வெளிவந்த தொகுப்பில் மறுப்பும் ஆதரவும் வெகனரின் குறிப்புகளும் ஒருங்கே இருந்தன. சபை தவறியது, பதிவு தவறவில்லை. கண்டங்கள் பிரிந்ததால் விளைந்ததுதான் நம் காவிரிப் படுகை. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது விழுந்த பள்ளங்களில் படிந்த சேறே ஆண்டிமடம் படிவு எனப்படுகிறது. நரிமணத்து எண்ணெய்க்கு மூலம் அத்தகைய படிவுகளே.

இரண்டாவது நிகழ்வு அத்தனை பெருமைக்குரியதன்று. புவி வெப்பமாவதில் மனிதனின் பங்கை ஐயுற்ற நாவலொன்றை எழுதிய மைக்கேல் கிரைக்டனுக்கு அதே சங்கம் 2006இல் இதழியல் விருது அளித்தது. உறுப்பினர்கள் பலர் கொதித்தார்கள். இக்காரணத்தால் விலகியவர்களும், விலகப்போவதாகச் சொல்பவர்களும் உண்டு என்று தலைவர் லீ பில்லிங்ஸ்லியே உறுப்பினர்களுக்கு எழுதினார். 2007இல் சங்கத்தின் அறிக்கை திருத்தப்பட்டது. ஆனால், மனிதனின் பங்கு குறித்து உறுப்பினரிடையே கருத்து வேற்றுமை உண்டு என்ற அளவிலேயே அது நின்றது. பிழைப்பு எந்தப் பொருளைச் சார்ந்ததோ, அப்பொருளைப் பற்றியே உண்மை சொல்ல நேர்கையில் நாவு எப்படித் தயங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எண்ணிலும் இத்தயக்கம் உண்டு. 2004 ஜனவரியில் ஷெல் நிறுவனம் தன் உறுதியான எண்ணெய் இருப்பில் ஐந்தில் ஒரு பங்கை, ஏறத்தாழ 390 கோடி பீப்பாய்களை, அப்பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது. மண்ணடியில் இருப்பதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. கணித்தவரின் சொல்லே சாட்சி. பொறியாளர் சங்கமும் நிலவியலாளர் சங்கமும் பிற அமைப்புகளும் கூடி 2007இல் இருப்பைக் கணக்கிடும் பொது நெறிமுறையை வெளியிட்டதன் மதிப்பை இங்கே உணரலாம்.

நம் பக்கம் திரும்புவோம். 2017இல் நெடுவாசலில் உழவர்கள் திரண்டார்கள். 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் எனச் சட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில் ஹைட்ரோகார்பன் என்ற சொல் நம் தேநீர்க் கடைப் பேச்சில் புழங்கலாயிற்று. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நிலவியலாளர்கள் அல்லர், போராடியவர்கள். சங்கங்களின் இதழ்களும் மாநாடுகளும் ஆங்கிலத்தில் நடப்பவை. தன் வயலுக்குக் கீழே எந்த அடுக்கு இருக்கிறது, துளை எங்கே செல்கிறது, நிலத்தடி நீருக்கு என்ன நேரும் என்று ஓர் உழவர் கேட்டால், துறை அறிந்தவர் நிறுவனத்தின் குரலிலும் அல்லாமல், எதிர்ப்பாளரின் குரலிலும் அல்லாமல் தமிழில் விடை சொல்ல வேண்டாமா? ராமராவின் பாசிக்கு ஓரிடம் அளித்த மரபு, உழவரின் கேள்விக்கும் ஓரிடம் அளிப்பதே முறை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். கடினப் பாறையில் எண்ணெய் இல்லை என்று தொடக்கத்தில் எழுதினோம். அங்கே உருவாவதில்லை என்பது சரி. தங்குவதில்லை என்பது தவறு. 1980களின் இறுதியில் வியட்நாமின் பாக் ஹோ வயலில் பிளவுற்ற கிரானைட்டிலிருந்து எண்ணெய் பெருகியது. 2010களில் சீர்காழியை அடுத்த மாதானம் பகுதியில், படுகைக்கு அடியிலுள்ள பழம்பாறையின் வெடிப்புகளிலும் எண்ணெய் கண்டார்கள். திருவண்ணாமலையில் வெளியே தெரியும் அதே தொன்மையான அடித்தளத்தின் இனம்தான் அது.

தலபுராணத்தில் அடியைக் காணாத திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். முடியைக் காணாத பிரமனோ கண்டதாகச் சொல்லித் தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்தான். பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூசைக்கு ஆகாமற் போயிற்று. சாட்சி சொல்வதையே தொழிலாகக் கொண்ட சங்கங்கள் அவ்வப்போது நினைத்துக்கொள்ள வேண்டிய கதை இது.