தாய்மூலம் தேடி

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பர் பெரியோர். ஆயினும் எமது மட்டக்களப்பு நாட்டிலே தாய்மூலம் கேளாமற் கலியாணப் பேச்சு நகர்வதில்லை. "என்ன குடி?" என்பதே முதற் கேள்வி. ஒரே குடியிற் பிறந்தோர் உடன்பிறந்தாராகக் கருதப்படுவர், அவர்களிடையே மணமில்லை. குடியோ தாய்வழியே வருவது. எனவே தந்தை பெயர் தெரியாத பிள்ளைக்கும் இங்கே குடியுண்டு. தாயை அறியாத பிள்ளைதான் திகைத்து நிற்கும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்தில் உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாட்சி குடி என்போர் உரிமை பெற்றிருப்பதும் இத்தாய்வழியாலேயே.

எமது அம்மம்மாவின் அம்மம்மா தன்னாமுனையில், வாவிக்கரை வீடொன்றில் வளர்ந்தவர். வளர்த்தோர் பெற்றோரல்லர் என்பதை எல்லாரும் அறிவர். கேட்டால், "எடுத்து வளர்த்த பிள்ளை, மனே" என்று கூறி அம்மம்மா வெற்றிலை வட்டாவைத் தம்பக்கம் இழுத்துக்கொள்வார். தமக்கையாருக்கு வந்த சம்பந்தமொன்று இதன் பொருட்டே நின்றது. அன்றுதான் தேடப் புறப்பட்டோம்.

1962இல் வெளிவந்த மட்டக்களப்பு மான்மியத்தையும், வி. சீ. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகத்தையும் (1964) புரட்டினோம். குடிகளின் வரலாறு உண்டு. ஒரு வீட்டின் வரலாற்றை அங்கே எதிர்பார்த்தது எமது பேதைமை. பிறப்புப் பதிவிலும் பாட்டியாரின் பெயரில்லை. தன்னாமுனை கத்தோலிக்கர் நிறைந்த ஊர். அவர்களது ஞானஸ்நானப் பதிவேடுகளில் தந்தை அறியப்படாத பிள்ளைக்கும் லத்தீனில் ஒரு குறிப்பு எழுதுவதுண்டு. மிஷன் பள்ளி மாணவரல்லவா, அந்த லத்தீனைப் படித்துவிடலாமென இறுமாந்திருந்தோம். பாட்டியாரோ ஞானஸ்நானமே பெறாதவர்! வீட்டுப் பெட்டகத்துக் காகிதங்களை 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கொண்டுபோயிற்று.

எஞ்சியது காணி. முக்குவர் வழமைச் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தபோதிலும், வீடுவளவைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதும் வழக்கம் ஒழியவில்லை. நொத்தாரிசு எழுதிய உறுதிக்குக் காணிப் பதிவுக் கந்தோரிலே பதிவுண்டு. அங்கே பாட்டியாரின் சீதன உறுதி அகப்பட்டது. வளவைக் கொடுத்தவர் வளர்த்த தாயல்லர்; வேறொரு மாது. பாட்டியாரை அவர் மகள் என்றே குறித்திருந்தார். தாயைக் கண்டுபிடித்தோமெனக் கூத்தாடினோம்.

அவசரப்பட்டுவிட்டோம். தங்கை பெற்ற பெண்ணும் எம்மவர் வழக்கில் மகள்தானே! அம்மாது தம் சொந்த மகளுக்கு எழுதிய உறுதியையும் தேடிப் பார்த்தோம். வடக்கெல்லை கூறுமிடத்தே, எமது பாட்டியாரின் வளவு 'தங்கை மகளின் வளவு' எனப்பட்டிருந்தது. நான்கெல்லை எழுதும் நொத்தாரிசின் பேனா, உறவையும் எழுதிவைத்துவிட்டது. அக்காள், தங்கை இருவருக்கும் குடி ஒன்றே. குடி கிடைத்தது, பெற்றவளின் பெயர் கிடைக்கவில்லை.

அன்று மாலை அம்மம்மாவிடம் போய் உறுதியின் பிரதியை நீட்டினோம். நாம் வாய்திறக்குமுன் குடிப்பெயரை அவரே கூறினார். தங்கையின் பெயரைக் கேட்டோம். வட்டாவை எம்பக்கம் தள்ளிவிட்டு எழுந்து உள்ளே போனார்.