கறுப்பு பிளேட் மட்டும் தமிழ்

படக்கதைப் புத்தகம் பிறக்கும்போது அதற்கு மொழி கிடையாது. ஓவியர் வரைந்த படங்கள் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட்டுகளாகப் பிரிந்து அச்சகத்துக்குப் போகின்றன. செலவு பெரும்பாலும் இந்த வண்ணத்தில்தான். ஆயிரம் பிரதி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஓவியருக்குக் கொடுப்பதும் பிளேட் கூலியும் மாறாது. தமிழுக்கு மட்டும் ஆயிரம் அடித்தால் விலை கட்டாது.

அதற்குத் தொழிலில் ஒரு வழி உண்டு. எல்லா மொழிக்கும் சேர்த்து வண்ணங்களை மொத்தமாக அடித்துவிட்டு, எழுத்துக்குரிய கறுப்பு பிளேட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், நேரு பால புஸ்தகாலய வரிசையில் ஒரே படங்களைப் பல இந்திய மொழிகளுக்குக் கொடுத்தது. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், ஒரே புத்தகத்தை 9 மொழிகளில் கொண்டுவருகிறது.

இந்தச் சிக்கனம் ஓவியரின் கையைக் கட்டும். இருண்ட வானத்தில் வெள்ளை எழுத்து வைத்தால் மற்ற பிளேட்டுகளையும் மாற்ற வேண்டிவரும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் இரண்டு வரி கேட்கும். நீளமான மொழிக்குப் போதுகிற இடத்தை வெளிர் நிறத்தில் விட்டுவைக்க வேண்டும். படத்தில் பஸ் வந்தால், எல்லா மொழிக்கும் பொருந்த அதன் ஊர்ப்பலகை காலியாக இருக்கும்.

தமிழ்நாட்டில் வண்ண அச்சு என்றால் சிவகாசி. அங்கே அது வந்தது புத்தகத்துக்காக அல்ல. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. அதை அடித்துப் பழகிய ஊர் காலண்டர், அரிச்சுவடி, சுவர் சார்ட் என்று கைவைத்தது. அடித்த தாளை மடித்து, நடுவில் இரண்டு பின் போட்டு, மூன்று பக்கமும் வெட்டினால் புத்தகம். படக்கதைகள் 16, 24, 32 பக்கங்களில் நிற்பதற்குக் காரணம் கதையின் நீளமல்ல, தாளின் மடிப்பு.

சிவகாசிப் புத்தகக் கட்டு விருதுநகர், மதுரை, கொடைரோடு வழியாகத் திண்டுக்கல் வந்து சேரும். அங்கே இலக்கியக் களம் என்ற அமைப்பு நடத்தும் புத்தகத் திருவிழாவில் பிள்ளைகள் இழுத்த இழுப்புக்குப் பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். பலகை காலியான பஸ்ஸை ஒரு பிள்ளை வேடசந்தூருக்கு ஓட்டும், இன்னொன்று நத்தத்துக்கு ஓட்டும். அரசுப் பள்ளிக்கு வேறு பாதை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் மெல்லிய கதைப் புத்தகங்களை வகுப்புக்கு அனுப்பியது. அத்தனை பள்ளிகளுக்கும் சேர்த்து அடிக்கும்போது தமிழ் மட்டுமே விலையைத் தாங்கிவிடும். பஸ் பலகையில் தாராளமாக ஊர்ப்பெயர் எழுதலாம்.

இத்தனை தூரம் வந்த புத்தகத்துக்குக் கடைசிப் பத்தடிதான் கடினம்: பீரோவிலிருந்து பிள்ளையின் கை வரை. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய புத்தகம் கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று பூட்டிவைக்கும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைகள் புரட்டினால் பின் கழலும், ஓரம் மடங்கும், அட்டை தனியாக வரும். சாக்பீஸ் தேய்வதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. படக்கதைப் புத்தகத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் பீரோச் சாவிக்கு வேலை இருக்காது.