கேட்பதற்கு ஒரு தோழர்

1953 நவம்பரில், சாட் வாரா என்னும் பாதிரியார், தற்கொலை எண்ணத்தால் அலைக்கழிக்கப்படுவோருக்கென லண்டன் தேவாலயம் ஒன்றில் தொலைபேசி உதவியைத் தொடங்கினார். நேரில் வந்தோரும் பலர். அவரைச் சந்திக்கும் முறை வரும்வரை அவர்கள் காத்திருக்க, உதவிக்கு வந்த தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்து, அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டனர். நாளடைவில் வாரா ஒன்றைக் கவனித்தார். அந்தத் தன்னார்வலர்களிடம் மனம்விட்டுப் பேசியவர்களுள் பலருக்கு, அதன் பிறகு அவரைச் சந்திக்கும் தேவையே இருக்கவில்லை. 1954 பிப்ரவரியில் கேட்கும் பணியை அவர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு இவ்வாறு உருப்பெற்றது.

இதே உண்மையைக் கல்விக்கூடங்களும் பின்னர் கண்டுகொண்டன. 1970இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 'நைட்லைன்' தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற மாணவர்களே இரவில் விழித்திருந்து சக மாணவர்களின் அழைப்புகளை ஏற்றனர். பேசுபவரின் இரகசியம் காத்தல், அவர்மீது தீர்ப்புக் கூறாதிருத்தல், அறிவுரை சொல்லாமல் செவிசாய்த்தல் ஆகியனவே அதன் நெறிகள்.

அமெரிக்காவில் இம்முயற்சி ஓர் இழப்பிலிருந்து பிறந்தது. அலிசன் மால்மன் என்னும் மாணவியின் அண்ணன், கல்லூரியில் சேர்ந்த முதலாண்டிலேயே தொடங்கிய மனநோயை நெடுங்காலம் மறைத்திருந்தார். 2000ஆம் ஆண்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் ஏன் எவரிடமும் சொல்லவில்லை என்னும் கேள்வி தங்கையை விடவில்லை. மறு ஆண்டே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு மாணவர் குழுவைத் தொடங்கினார். அதுவே 2003இல் 'ஆக்டிவ் மைண்ட்ஸ்' என்னும் தேசிய அமைப்பாயிற்று.

நம் சென்னையிலும் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா'வை நிறுவினார். அங்கும் செவிகொடுப்போர் தன்னார்வலர்களே.

தோழர் மருத்துவர் ஆகார். உயிருக்கு ஆபத்து எனத் தோன்றும்போது மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பதே தோழமையின் கடமை. ஆயினும் அந்த முதற்சொல் பெரும்பாலும் தோழரின் செவியிலேயே விழுகிறது. தாய் தந்தையரிடம் சொல்லத் தயங்குவதைப் பிள்ளைகள் விடுதி அறைத் தோழரிடம் சொல்லிவிடுகின்றனர்.

அவர்கள் ஏன் நம்மிடம் தயங்குகின்றனர்? "ஈமான் குறைந்ததால்தான் இந்தக் கவலை" என்று ஒரே சொல்லில் நாம் வாயடைத்துவிடுவதும் ஒரு காரணம் அன்றோ? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். அச்சம், துயரம், கோபம் ஆகியவற்றை ஆராய்ந்து பரிகாரம் கூறினார். உள்ளத்தின் நோயை நோயென்று ஏற்பது நம் மரபுக்குப் புதிதன்று.

விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைப் பிறகு கேட்கலாம். முதலில் ஒரு கோப்பைத் தேநீருடன் அருகில் அமர்வோம். அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்போம்.