நிலைக்கு வராத தேர்

ஜி.ஆர்.ஈ. தேர்வுக்குச் சொற்பட்டியலை உருப்போடும் ராஜபாளையத்துப் பிள்ளை, 'ஜே' எழுத்துக்கு வந்ததும் ஒரு தேரில் போய் முட்டிக்கொள்ளும். 'ஜகர்நாட்': எதிர்ப்பட்டதை எல்லாம் நசுக்கிக்கொண்டு போகும், தடுக்கவே முடியாத ஒன்று. இதற்குப் படம் வேண்டுமென்றால் பஸ் ஏறினால் போதும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி.

சொல் பிறந்த இடம் பூரி. ஜகந்நாதரின் பெயர்தான் அது. 1630களில் அங்கே போன வில்லியம் புரூட்டன் என்ற ஆங்கிலேயர், காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். ஆனால் கதை பெயரைவிட மூத்தது. 1320களில் வந்த ஒடோரிக் என்ற இத்தாலியத் துறவி, சாமி வரும் ரதத்தின் சக்கரத்தடியில் பக்தர்கள் விழுந்து உயிரை விடுவதாக எழுதினார். அவர் சொன்ன ஊர் பூரி அல்ல. இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை இருக்கும் மாபார் நாடு, அதாவது நம் சோழமண்டலக் கரை. ஓடியது தமிழ்த் தேர். பழி விழுந்தது ஜகந்நாதர் தலையில்!

1806இல் பூரிக்குப் போன பாதிரியார் கிளாடியஸ் புக்கானன், பார்த்ததைப் பதறிப்போய் எழுதினார். 1811இல் வந்த அவருடைய புத்தகம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியது. ஒரிசாவில் வேலை பார்த்த ஸ்டிர்லிங் என்ற கம்பெனி அதிகாரி, நான்கு வருடத் தேரோட்டத்தில் தாம் கண்ட சாவு மூன்றுதான், அதிலும் ஒன்று விபத்தாக இருக்கலாம் என்று 1825இல் எழுதினார். அதை யார் கேட்டார்கள்? அந்த நூற்றாண்டிலேயே சாமி இறங்கிப்போய்ச் சக்கரம் மட்டும் சொல்லில் மிஞ்சியது. பிற்பாடு பிரிட்டனில் ராட்சத லாரிக்கும் அதே பெயர் வைத்தார்கள். கடைசியில் அமெரிக்கத் தேர்வுக்கான பட்டியலில் ஏறி, கட்டணம் வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஆங்கிலத்துக்குத் தேரில் தெரிந்தது நசுக்கல் ஒன்றுதான். நாம் வேறு சொற்களை எடுத்துக்கொண்டோம். ஊர் கூடி இழுப்பது, வடம் பிடிப்பது, நிலைக்கு வருவது. எல்லாவற்றுக்கும் மேலாக முட்டுக்கட்டை. நம் பேச்சில் அது தடங்கல். வசவு என்றே சொல்லலாம். ரத வீதியில் அதுதான் தேருக்கு பிரேக், மூலை திரும்பும்போது அதுதான் ஸ்டீயரிங்.

2011 வரை ஜி.ஆர்.ஈ.யில் எதிர்ச்சொல் கேட்பார்கள். ஜகர்நாட்டுக்கு எதிர்ச்சொல் என்ன? ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறிவரும் தேரின் முன்னே, கட்டையைக் கையில் பிடித்துக் குனிந்து, சக்கரத்தை மட்டுமே பார்த்தபடி பின்னோக்கி நடக்கும் ஆளைக் கேட்டால் தெரியும். என்ன, அந்த நேரத்தில் அவர் பதில் சொல்லமாட்டார்.