மகள் வீட்டுக் களஞ்சியமும் அதன் பலகைச் சுவரும்



பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இவர்கள் வாங்கிய வீட்டோடு ஒரு பழைய மரக் களஞ்சியமும் வந்தது. இங்கே அதை பார்ன் என்கிறார்கள். மேற்குப் பக்கச் சுவரில் பலகைகளின் அடி உளுத்துக் கொட்டுகிறது. சாயம் போய் எத்தனை வருஷமோ! மாப்பிள்ளை ஒரு முடிவோடு இருந்தார். "மாமா, மேலே வினைல் போட்டு மூடிடலாம். அப்புறம் இருபது வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்" என்றார். விலைப் பட்டியலும் வாங்கி வைத்திருந்தார்.

வகுப்பில் நான் அடிக்கடி சொல்வது நினைவிருக்கும். ஒன்றை மாற்றும் முன் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேள். அந்தப் பழக்கத்தில்தான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் உழவர்கள் இந்தப் பகுதிக்கு வந்து குடியேறினார்கள். அவர்கள் களஞ்சியத்தை மேட்டுச் சரிவில் கட்டினார்கள். கீழ்த்தளம் மாட்டுக்கு. மேட்டுப் பக்கமாக வண்டியை நேரே மேல்தளத்துக்கு ஓட்டி வைக்கோலையும் புல்லையும் இறக்கலாம். சுவர்ப் பலகைகள் பெரும்பாலும் நெடுக்காக நிற்கும். மழைநீர் நாரோடு வழிந்து கீழே போய்விடும். பலகை காய்ந்து சுருங்கும்போது நடுவே விரல் நுழையும் இடுக்கு விழும். இது தச்சன் செய்த தவறு என்று நினைத்துவிடாதீர்கள். ஈரப் புல்லை அடைத்து வைத்தால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். ஈரத்தோடு போர் போடாதே என்று நம் ஊர்ப் பெரியவர்கள் திட்டுவார்களே, அதே விஷயம். அந்த இடுக்குகள் வழியே காற்று ஓடியதால்தான் களஞ்சியம் பிழைத்தது.

சிவப்பு நிறம் பிற்பாடு வந்தது. ஆளி விதை எண்ணெயில் இரும்புத் துரு நிறமியைக் கலந்து பூசினார்கள். நம்மூர்க் காவி மண்ணின் சிவப்பும் அதே இரும்பிலிருந்து வருவதுதான். மலிவாகக் கிடைத்ததால் நாடு முழுக்கக் களஞ்சியம் சிவப்பானது.

மரத்திலும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்கச் செஸ்ட்நட் மரம் லேசில் உளுக்காது. அதனால் பல களஞ்சியங்களுக்கு அதுவே பலகை. 1904இல் நியூயார்க் உயிரியல் பூங்காவில் அந்த மரங்களில் ஒரு பூஞ்சை நோய் கண்டார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் கோடிக்கணக்கான மரங்கள் செத்துப் போயின. இன்று அந்தப் பலகை வேண்டுமென்றால் இடித்த பழைய கட்டடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எங்கள் களஞ்சியத்தைப் பார்க்க வந்த வயதான தச்சர் ஒரு பலகையைத் தடவிப் பார்த்து, "இது செஸ்ட்நட்" என்றார். மாப்பிள்ளை முகம் மாறியதைப் பார்த்தேன்.

செலவில்லாமல் சுவரைக் காப்பது என்ற ஆசை புதிது இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் ப்ளாக் சகோதரர்கள் என்ற புகையிலைக் கம்பெனி இருந்தது. களஞ்சியச் சுவரில் தங்கள் 'மெயில் பவுச்' விளம்பரத்தை எழுத விட்டால், சுவருக்குச் சாயமும் அடித்துக் கொஞ்சம் காசும் கொடுத்தார்கள். உழவருக்கு லாபம்தானே! ஹார்லி வாரிக் என்பவர் 1946இல் போரிலிருந்து திரும்பி இந்த வேலைக்குச் சேர்ந்தார். சுமார் 20,000 சுவர்களில் எழுதினார் என்கிறார்கள். புகையிலையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் எத்தனையோ களஞ்சியங்களை அந்தச் சாயம் காப்பாற்றியது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. நெளி தகரத்துக்கு லண்டனில் 1829இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் வந்தது. அதன் தூசி நுரையீரலை அரிக்கும் என்பதைப் பின்னால்தான் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அலுமினியம், 1950களின் பிற்பகுதியில் வினைல். எல்லாவற்றுக்கும் ஒரே விளம்பரம்: "சாயமே அடிக்க வேண்டாம்."

அது பொய் இல்லை. வினைல் உளுக்காது. பின்னால் இருக்கும் மரம் உளுக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பழைய களஞ்சியங்களைக் காப்பது பற்றி 1989இல் ஒரு கையேடு போட்டது. வினைல், அலுமினிய உறை பற்றித் தனிக் கையேடும் உண்டு. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார் என்பதுதான் சாரம்.

இதை நான் பட்டுத் தெரிந்தவன். ஊரில் அப்பா கட்டிய மண் சுவர் வீட்டுக்கு, "இனி வருஷா வருஷம் மெழுக வேண்டாம்" என்று நான்தான் சிமெண்ட் பூசச் சொன்னேன். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மூன்றாவது மழையில் பூச்சு உப்பி, மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை மாப்பிள்ளையிடம் இப்போதுதான் சொன்னேன்.

ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு இருவரும் சுவரைச் சுற்றி வந்தோம். இடுப்புக்கு மேலே குத்தினால் இறங்கவே இல்லை. அடியில் மட்டும் வெண்ணெயில் போவது போலப் போனது. காரணம் மேலேயே இருந்தது: கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய் உடைந்து, தண்ணீர் அந்த இடத்திலேயே கொட்டுகிறது. போதாததற்குப் பல வருஷ மண்ணும் சருகும் பலகை மேல் ஒரு அடி உயரம் ஏறி நிற்கிறது.

மண்ணை வெட்டி எடுத்தாயிற்று, குழாய் மாற்றியாயிற்று. 19 பலகைகளின் அடியை மட்டும் தச்சர் சரிவாக அறுத்துப் புது ஓக் துண்டை ஒட்டுப் போட்டார். சரிவாக அறுத்தால் இணைப்பில் தண்ணீர் தங்காதாம். சாயம் வேண்டாம், எண்ணெய்ச் சாயக் கறை போதும் என்றார். அது உள்ளே இறங்கிவிடும், உரியாது, சுரண்டும் வேலை இல்லை. கூரைக்கு மட்டும் எஃகுத் தகடு போடலாம் என்று மூவருமே ஒத்துக்கொண்டோம். சுவருக்கும் பின்னால் போட வேண்டி வரலாம் என்று மாப்பிள்ளை இன்னும் சொல்கிறார். போட்டால் பின்னால் காற்றுப் போக இடைவெளி விட்டுச் சட்டம் அடித்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வினைல்காரருக்கு வேண்டாம் என்று போன வாரம் மகள்தான் போன் போட்டுச் சொன்னாள். படம் நாளை போடுகிறேன், பேரன் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.